பிணைக் கையொப்பம்

கொழும்புக் கப்பல் கிளம்பும் துறைமுகத்தில் காலை ஒன்பதரைக்குச் செய்முறைத் தேர்வு தொடங்கியது. சமுதாயக் கல்லூரியின் உள்நாட்டுப் பாதுகாப்பு டிப்ளமோ மாணவர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு வாசலில் நின்றார்கள். வேலை என்று பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஆளின் நடையையும் முகத்தையும் பார்த்துச் சந்தேகத்தை அளக்கும் ஐயமானி பச்சை காட்டினால் ஆளை விட வேண்டும். சிவப்பு காட்டினால் ஓரத்து பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். இதைப் படிக்க எதற்கு இரண்டு வருஷம் என்று, அந்த ஆறு பேரில் ஒருத்தியான பொற்கலையின் புருஷனே கேட்டுவிட்டான்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பேருந்துகள் தாமாக ஓடத் தொடங்கி நடத்துநர் வேலை போனதும், மூலையில் உட்கார்ந்து அழாமல் கல்லூரியில் சேர்ந்தவள். பதினாறு வருஷம் மனிதர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவளுக்கு இதெல்லாம் ஒரு படிப்பா! வகுப்பில் அவள்தான் முதல்.

பதினோராவது ஆளுக்குச் சிவப்பு விழுந்தது. அறுபது வயதிருக்கும். திரையில் காரணம் ஓடியது: நான்கு முறை சுற்றி வந்தார், இருமுறை வரிசை மாறினார், கை நடுங்குகிறது.

"எங்க போறீய அண்ணாச்சி?"

"கொழும்புக்கும்மா. மகளுக்குப் பேறுகாலம், ஆபரேஷன்னு சொல்லுதாங்க. இந்தக் கப்பல விட்டா வியாழக்கிழமதான்."

பேசும்போதே சட்டைப் பையைத் துழாவினார். பிறகு இடுப்பை. மறுபடி அதே சட்டைப் பையை. பொற்கலைக்கு விளங்கிவிட்டது. பேருந்தில் டிக்கெட் எடுக்காதவன் கதவைப் பார்ப்பான். தொலைத்தவன்தான் ஒரே பையைத் திரும்பத் திரும்பத் துழாவுவான்.

"என்னத்தத் தொலைச்சீய?"

"ஆஸ்பத்திரி பேரு எழுதுன சீட்டும்மா."

"பாஸ்போர்ட் அட்டைக்குள்ள பாத்தீயளா?"

அங்கேதான் இருந்தது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

அதை மீற ஒரே வழி, பிணைக் கையொப்பம். அப்படி அனுப்பப்பட்டவர் ஒரு வருஷத்துக்குள் குற்றம் ஏதும் செய்தால், தண்டனையில் பாதி கையொப்பமிட்டவருக்கு. பதினொரு வருஷமாக இங்கே ஒருவரும் இட்டதில்லை. பொற்கலை, விரல் பதிக்கும் பிணைப் பலகையைத் திறந்ததும் விரிவுரையாளர் அருள்மிக்கேல் ஓடி வந்தார்.

"ஏம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு? பெஞ்சுல உக்காரவச்சா உனக்கு முழு மார்க்கு!"

"அப்ப சட்டத்துல இந்தப் பிரிவ எதுக்கு சார் வச்சிருக்காங்க?"

"கடைசி முடிவு மனுஷன் கையிலன்னு காட்டுறதுக்கு."

"மனுஷி முடிவு பண்ணிட்டேன் சார்."

வாய்தான் அப்படிச் சொன்னது. முன்பின் தெரியாத ஒருவரின் ஒரு வருஷத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வது லேசான காரியமா? கண்ணை மூடவில்லை அவள். அவரை நேராகப் பார்த்துக்கொண்டே விரலைப் பதித்தாள். வாசல் திறந்தது. மனிதர் நன்றிகூடச் சொல்லாமல் கப்பலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மற்ற வாசல்களில் சிவப்பு விழுந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் இதைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே ஒரு முரட்டு ஆள், ஒரு கிழவர். ஒருவர் பாக்கியில்லாமல் பொற்கலையின் வாசலில் வந்து வரிசை கட்டினார்கள்.

அருள்மிக்கேல் தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தன பேருக்குமா கையெழுத்துப் போடப் போற?"

"தெரியாது சார்," என்றாள் பொற்கலை. "ஒவ்வொருத்தரா பாத்துத்தான் சொல்லணும்."