கேமராக் கடைக்கு எதிரில்

வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து இரண்டு கேமரா, ஒரு பை, மடக்கிய விளக்குக் கம்பம்... அத்தனையும் அந்த ஒரு தோளில்தான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கை துடைக்கும்வரை படம் எடுத்தவளுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு டம்ளர் தண்ணீர். பஸ்ஸை விட்டு இறங்கினால் மழை.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அவள் நனைந்தால் காய்ந்துவிடுவாள். கேமரா நனைந்தால் சோறு போய்விடும்.

அவளுடைய ஸ்டூடியோ சாலையின் அந்தப் பக்கம், மாடியில். ஸ்டூடியோ என்பது அவள் வைத்துக்கொண்ட பெயர். ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு நீலத்துணி. வாடகைக்கு எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடுவே சாலையில் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் இந்தப் பக்கத்துக் கேமராக் கடைக்குள் நுழைந்தாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நனைஞ்சது நீங்களா, கேமராவா?"

"நான்தான்."

"அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்லை."

சுள்ளென்று கோபம் வந்தது அவளுக்கு. முறைத்தாள். அவன் அதற்குள் ஒரு துண்டை நீட்டியிருந்தான். வாங்கியவள் முதலில் பையைத் துடைத்தாள். பிறகு கேமராவின் மூடியை. முடியிலிருந்து மூக்கு நுனிக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் கடைசியில்தான் ஞாபகம் வந்தது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

'நான் சொன்னது சரிதானே' என்றது அந்த முதுகு.

மழை விடுவதாக இல்லை. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் ஒரு லென்ஸ்... முகங்களை எடுக்கிற லென்ஸ். கண் மட்டும் பளிச்சென்று இருக்கும், பின்னால் உலகமே கரைந்து போயிருக்கும். எத்தனையோ ராத்திரி செல்போனில் அதன் படத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

"அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அவன் எடுத்து அவள் கேமராவில் மாட்டிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, வாசல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு முக்காலியில் போய் உட்கார்ந்தான். கண்களை நன்றாகத் திறந்துகொண்டான்.

"என்ன பண்றீங்க?"

"எடுங்க. லென்ஸ் பார்க்க வர்றவங்க எல்லாரும் என்னைத்தான் எடுப்பாங்க. எதிர்ல நிக்கிறது நான்தானே? பழகிடுச்சு. சிமிட்ட மாட்டேன்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நீங்க திருப்திப்படுற வரைக்கும். ஊர்ல இருக்கிற போட்டோக்காரங்க எனக்கு வெச்சிருக்கிற பேரே பொம்மை."

கேமராவைக் கண்ணில் வைத்தாள். அவன் கண்ணில் குறிவைத்து அழுத்தினாள். திரையில் பெரிதாக்கினாள்... இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வொரு இமைமயிரும் தனித்தனியாக நின்றது. தேன் நிறத்தில் வட்டம், அதற்குள் கடை வாசல், வாசலில் மழை. மழைக்கு முன்னால் கறுப்பாக ஒரு சின்ன உருவம். கேமராவைத் தூக்கிப் பிடித்திருக்கிற அவள்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்கு" என்றாள். "லென்ஸ்."

அந்த மழைக்காலம் முழுவதும் அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஒருநாள் வெளிச்சம் போதவில்லை என்றாள். ஒருநாள் சாயங்கால வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றாள். அலமாரிக்குள் ஈரம் இழுக்கப் போட்டிருக்கும் சின்னச் சின்னப் பொட்டலங்கள், புது அட்டைப்பெட்டியின் வாசனை, வாங்கி வைத்து ஆறிப்போகும் டீ... இப்போது எங்கே புது அட்டைப்பெட்டியைப் பிரித்தாலும் அவளுக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வருகிறது.

"இன்னிக்கு எந்தக் கண்ணு?" என்பான்.

"இடது."

"வலது கோவிச்சுக்கும்."

"அதை நாளைக்குச் சமாதானப்படுத்திக்கலாம்."

விலை மட்டும் இருவர் பேச்சிலும் வரவில்லை. ஒருதரம் கேட்டாள். அவன் அட்டையில் இருந்ததைச் சொன்னான். அவ்வளவுதான். ஆன்லைனில் அதே லென்ஸ் குறைவு. குறைவு என்றால் அவள் அறையின் ஒரு மாத வாடகை அளவுக்குக் குறைவு. அவளுடைய அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். இடுப்புப் பட்டையை அவிழ்க்கவும் தெம்பில்லாமல் அப்படியே படுத்துவிடுகிற மனிதர். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒரு மாத வாடகை என்பது என்னவென்று தெரியும். தேன் நிறக் கண்ணுக்காக அதை விட முடியாது.

ஒரு ராத்திரி, தோளில் அப்பாவின் தைலத்தைத் தடவிக்கொண்டே, செல்போனில் 'வாங்கு' என்பதை அழுத்திவிட்டாள். முகவரி கேட்டது. மாடி அறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, கதவு எண்ணும் அழிந்திருந்தது. ஆள் வந்து சேர ஏதாவது அடையாளம் வேண்டுமே... 'கேமராக் கடைக்கு எதிரில்' என்று போட்டாள்.

மூன்றாம் நாள் கடை எண்ணிலிருந்து அழைப்பு.

"உங்க பார்சல் ஒண்ணு இங்க வந்திருக்கு" என்றான். குரலில் ஒன்றுமே இல்லை.

கொரியர்காரர் நல்ல மனிதர். மழையில் மாடிப்படியைத் தேடி அலுத்து, பெட்டியின்மேல் கேமராப் படத்தைப் பார்த்து, முகவரியில் கேமராக் கடை என்பதையும் பார்த்து, இதற்குமேல் என்ன வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கல்லாவில் அன்றைக்கு அவனுடைய அக்கா இருந்தாள். கடை அவளுடையது. நேரில் பார்த்துப் பேசியது அதுதான் முதல்முறை.

"வாம்மா. நீதானா அது? இத்தனை நாள் எங்க கடையில வந்து பார்த்தே. சரி, பார்க்கட்டும்னு விட்டேன். வாங்கினது வேற இடத்துல. சரி, உன் காசு, உன் இஷ்டம். அதை எங்க கடைக்கே அனுப்பி வாங்கி வைக்கச் சொல்றே பாரு... அந்த நெஞ்சழுத்தம் எனக்கு வராதும்மா."

"நான் வேணும்னு போடலைக்கா... அடையாளத்துக்கு..."

"அடையாளமாவே இருந்துட்டுப் போறோம். கல்லா எதுக்கு, வாசல்ல பலகை மட்டும் மாட்டினா போதும்."

அவன் உள்ளேயிருந்து பெட்டியை எடுத்து வந்தான். ஈரம் படாத அலமாரியில் வைத்திருந்திருக்கிறான். வெளியே தூறல் என்பதால் பிளாஸ்டிக் பையில் சுற்றியும் கொடுத்தான்.

"சரிபார்த்து எடுத்துக்குங்க" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாடகை, அப்பா, தைலம்... சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கஷ்டத்தைச் சொல்லிக் கருணை வாங்குவது அவள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. விறைத்த கழுத்தோடு படி ஏறினாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த கல்யாணத்தில் புது லென்ஸை மாட்டினாள். வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் மணப்பெண்ணின் மூக்கு நுனி கத்தி மாதிரி தெளிவாக இருக்கிறது, கண் மங்கல். மாப்பிள்ளைக்கும் மூக்கு தெளிவு, கண் மங்கல். மாமியாருக்கும் அப்படியே. கடையில் பார்த்த லென்ஸ் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியில் வந்தது அந்த லென்ஸ் இல்லையே. அதே மாதிரி இன்னொன்று. நல்லவேளை, பழைய லென்ஸில் எடுத்தவையும் இருந்ததால் மானம் தப்பியது.

திருப்பி அனுப்பினால் மாற்றி வர நாளாகும். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கல்யாணம். கேமராவுக்குள்ளேயே இதைத் திருத்த வழி உண்டு. தெளிவு விழும் குறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்து, கண் தெளிகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எதிரே அசையாமல் ஒரு ஆள் உட்கார வேண்டும்.

அப்பாவை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாள். இரண்டாவது படத்திலேயே அவருக்குக் கண் சொருகியது.

"அப்பா, தூங்காதீங்க!"

"தூங்கலை அம்மாடி... நீ எடு, எடு..." என்றார் குறட்டைக்கு நடுவில்.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிரே கடை. வாசல் பக்கம் காலி முக்காலி. போகக்கூடாது என்று எத்தனை தடவைதான் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது... லென்ஸ் இல்லாமலும் பிழைத்துவிடலாம் போலிருந்தது. அந்தக் கண் இன்னொரு தடவை தன்னை நேராகப் பார்க்காமலே போய்விட்டால்? 

கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"வாங்க வரலை" என்றாள், வாசலிலேயே நின்றுகொண்டு. "ஒரு உதவி. கண் சிமிட்டாம கொஞ்ச நேரம் உட்காரணும். ஊர்ல இதுக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது."

அவன் அவளைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். மாட்டியிருந்த லென்ஸைப் பார்த்தான். போ என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். கைத்துணியை மடித்து வைத்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தான்.

"எந்தக் கண்ணு?"

கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினாள். "இடது" என்றாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு படம். மங்கல். குறியை நகர்த்தினாள். இன்னொரு படம். கொஞ்சம் பரவாயில்லை. அவன் மூச்சுக்கூட மெதுவாக விட்டான். ஒவ்வொரு தடவையும் திரையில் அந்தத் தேன் நிற வட்டம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குள் கடை வாசல். வாசலில் மழை. மழைக்கு முன்னால் அவள்... முதலில் புகையாக, பிறகு நிழலாக.

"கோபமா?" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"பொம்மைக்கு ஏது கோபம்?"

"அக்கா பேசினப்போ நீங்க ஒரு வார்த்தை பேசலை."

"பேசினா சிமிட்டிடுவேன். வேலையைப் பாருங்க."

அந்த நேரம் பார்த்து அக்கா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்தாள்.

"பார்சல்காரி வந்தாச்சா? ஏம்மா, எனக்கு ஒண்ணு புரியலை. அந்த ஆன்லைன் விலைக்கே உனக்குக் குடுத்துடச் சொல்லி முதல் வாரமே இவன்கிட்ட சொல்லிட்டேன். எதிர்லயே இருக்கிற பொண்ணு, நாளைக்கும் வருவான்னு. அப்புறமும் எதுக்கு வெளியில போய் வாங்கினே?"

இடது கண் சிமிட்டியது.

விரல் அழுத்திய அதே நொடியில். திரையில், மூடிய இமை. ஊரே எடுத்தும் யாருக்கும் கிடைக்காத படம்.

அக்கா கடைசியில் எதையோ புரிந்துகொண்டாள். "ஓஹோ" என்றாள். "கதை அப்படிப் போகுதா? கணக்கு பார்க்க எனக்கு உள்ள வேலை இருக்கு" என்று சொல்லி, தேவைக்கு அதிகமான சத்தத்தோடு உள்கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏன் சொல்லலை?" என்றாள் அவள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"சொன்னா வாங்கிடுவீங்க. வாங்கிட்டா... அப்புறம் எதுக்கு வருவீங்க?"

அவள் கேமராவைக் கீழே இறக்கினாள்.

"அதனால உங்க அக்கா முன்னாடி நான் அவமானப்பட்டேன்!"

"தப்புதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். அக்கா பேசப் பேச வாய் வரலை. அதுக்கப்புறம் தினம் உங்க ஜன்னலைப் பார்த்துட்டு நின்னதுதான் மிச்சம்." நிமிர்ந்தான். "நீங்க மட்டும் என்ன? லென்ஸைத் திருத்த எதுக்குக் கண்ணு? சுவத்துல மாட்டின காலண்டர் போதும். அது உங்களுக்குத் தெரியாதா?"

முகம் சூடானது. தெரியும். அவள் ஸ்டூடியோ சுவரிலேயே ஒன்று தொங்குகிறது.

"தெரிஞ்சேதான் உட்கார்ந்தீங்களா?"

"தெரிஞ்சேதானே கேட்டீங்க?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன்தான் முதலில் பேசினான்.

"உட்கார்ந்ததுக்குக் கூலி வேணும். காசு இல்லை, ஒரு படம். இத்தனை பேர் என்னை எடுத்திருக்காங்க. என்கிட்ட ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாரும் கண்ணைப் பெருசாக்கிப் பார்த்துட்டு அழிச்சிடுவாங்க."

"நான் அழிக்கலை" என்றாள்.

"எதை?"

"எதையுமே... முதல் நாள் எடுத்ததுலேர்ந்து. ஒண்ணைக்கூட அழிக்க மனசு வரலை." வார்த்தைகள் தடுக்கின. கேமராவை மேசைமேல் வைத்தாள். முகத்துக்கு முன்னால் மறைப்பு இல்லாமல் அவனைப் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. "லென்ஸ் வேணும்னு தூக்கம் வராமக் கிடந்தது உண்மை. அது கைக்கு வந்தப்புறமும் தூக்கம் வரலை. எனக்கு நீங்கதான் வேணும்."

அவன் முக்காலியை விட்டு எழுந்தான். பிறகு சின்னக் குரலில், "எனக்கு அந்தத் துண்டை நீட்டினப்பவே" என்றான். "கேமராவை முதல்ல துடைச்சீங்களே, அப்போ."

மழை விட்டபோது டீ இரண்டும் ஆறிப்போயிருந்தன. அதையே குடித்தார்கள்.

இப்போது, வருஷங்கள் கழித்து, கேமராக் கடை இருந்த இடத்தில் துணிக்கடை இருக்கிறது. அக்கா அதற்கு மேல்தளத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் கேமரா விற்கிறாள். அதை யாராவது சொல்லிக் காட்டினால், "பேசாம பெட்டியை ஒட்டு" என்கிறாள். அவன் ஒட்டுகிறான். அவளுடைய ஸ்டூடியோ எதிரே அதே பழைய மாடியில்தான். முகவரி கேட்டால் இன்னமும் 'கேமராக் கடைக்கு எதிரில்' என்றே எழுதுகிறாள். கொரியர்காரர்களும் இல்லாத கடைக்கு எதிரே சரியாக வந்து நிற்கிறார்கள்.

மழை நாட்களில் தோள் வலிக்கும். தைலத்தை இப்போது அவன் தடவிவிடுகிறான். வலி குறைந்ததும் அவள் கேமராவை எடுப்பாள். "பழசெல்லாம் என்னோடது. உட்காருங்க, உங்க கூலிப் படத்தை இன்னிக்காவது எடுத்துடலாம்" என்பாள். அவன் வெளிச்சத்தைப் பார்த்து உட்காருவான். கண்களை நன்றாகத் திறந்துகொள்வான். அவள் அழுத்துகிற நொடியில் சிமிட்டிவிடுவான். ஊருக்கே அசையாத பொம்மையாக இருந்தவனுக்கு அவள் எடுத்தால் மட்டும் கண் நிற்பதில்லை.

இரண்டு பிள்ளைகள் ஆயிற்று. அவள் அவனுக்கு இன்னும் ஒரு படம் பாக்கி.