ஈசல் வராத விளக்கு

மழை விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வேங்கிக்கால் மொத்தத்துக்குமான ஈசலும் தாம்பூலம் வைத்து அழைத்ததுபோல் முருகவேலின் தோட்டத்தில் வந்து இறங்கியிருந்தது; ஆனால் பாதையோரம் நட்டிருந்த மூன்று சோலார் விளக்குகளில் கடைசி விளக்கை மட்டும் ஒரு பூச்சிகூடச் சீண்டவில்லை.

மற்ற இரண்டும் வெள்ளை வெளிச்சம். அவற்றில் ஈசல்கள் அப்பி, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, இறகை உதிர்த்துப் புழுவாகி நெளிந்து, பாதைக் கல்லெல்லாம் கஞ்சி கொட்டியதுபோல் கொழகொழத்துக் கிடந்தது. முருகவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கடைசி விளக்கோ நெய் நிறத்தில், தோட்டத்து மூலையில், துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக எரிந்தது.

மதியம் அவர் டவுனுக்குப் போயிருந்தபோது கடைக்கார மாறன் வந்து நட்டுவிட்டுப் போன சாம்பிள் விளக்குகள் அவை. பிடித்ததைச் சொன்னால் பாதை முழுக்க அதையே போடுவதாகப் பேச்சு. மனைவி ரேணுகாம்பாளுக்குக் கண்ணில் புரை எடுத்து, டாக்டர் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்ட பிறகு இருட்டில் கல் தெரிவதில்லை. போன வாரம்தான் இதே பாதையில் குப்புற விழுந்தாள். இன்னொரு முறை விழவிட அவருக்கு மனமில்லை.

"அந்த மஞ்சளயே போட்டுடலாம். பூச்சியே அண்டல பாரு."

"ஈசலுக்கே புடிக்காத வெளிச்சம் நமக்கு எதுக்குங்க?"

வாசற்படியில் உட்கார்ந்து ரேணுகாம்பாள் முறத்தில் ஈசலைப் புடைத்துக்கொண்டிருந்தாள். இறகெல்லாம் பறந்து அவர் மீசையில் ஒட்டியது. அடி அண்ணாமலை கிராமத்தில் பிறந்தவள். வறுத்த அரிசியோடு ஈசலைக் கலந்து அவள் மென்றால் அந்த நொறுநொறுப்பு கலெக்டர் ஆபீஸ் வரை கேட்கும்.

"உனக்கு என்னா, ஜாஸ்தி வந்தா ஜாஸ்தி தின்னுவ."

"எங்க ஊர்ல புத்து வாயில குழி தோண்டி, மேல ஒரு விளக்கு வப்போம். வெளிச்சத்தப் பாத்து வந்து, றெக்கைய கழட்டிப் போட்டுட்டு, தானா வுழும். இருட்டுல குந்திகினு அள்ள வேண்டியதுதான். நீங்கதான் பாதை நேரா வரணும்னு இருந்த புத்தயும் ஜேசிபி வச்சி இடிச்சிட்டீங்க. வேணாம்னு எவ்ளோ சொன்னேன்!"

"ஆரம்பிச்சிட்டியா!"

அவர் நடந்துபோய்க் கடைசி விளக்கைத் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் இல்லை. வெதுவெதுப்பு. ஈரம். கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவினால் இருக்குமே, அந்த வழவழப்பு. விரலை எடுத்தபோது கோழை நூலாக நீண்டது. மூக்கருகே கொண்டுபோனார், வறுத்த அரிசி வாசம், அதற்கு அடியில் செத்த எலி.

"தூ!" ஓட்டமாகத் திரும்பி வந்தார். "என்னா கண்றாவிடி அது!"

"நான் ஒரு தபா பாக்கறேன், இருங்க."

முறத்தைப் படியில் வைத்துவிட்டு அவள் பாதையில் இறங்கினாள். அவர் உள்ளே போய் ஒரு முழு சோப்பையும் கரைத்துக் கையைக் கழுவினார். நாற்றம் போகவில்லை. இன்னொரு கையால் மாறனுக்குப் போன் போட்டார்.

"மஞ்சளா?" என்றான் மாறன். "சார், நான் ரெண்டுதான் நட்டேன். ரெண்டுமே வெள்ளை."

அவர் வெளியே வந்தார். படியில் முறம் இல்லை.

வெள்ளை விளக்குகள் இரண்டும் அணைந்திருந்தன. மஞ்சள் மட்டும். அதற்கு அப்பால் இருட்டிலிருந்து, சலக், சலக் என்று முறத்தில் புடைக்கும் சத்தம். அப்பாடா, அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று மூச்சு வந்தது.

"ரேணுகா! அந்தக் கருமத்த உள்ள வந்து செய்யேன்!"

சத்தம் நிற்கவில்லை.

நடந்தார். காலடியில் ஈசல்கள் நசுங்கின. ஒரு செருப்பு. அப்புறம் இன்னொன்று. டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. அப்புறம் அவள் புடவை, கல்லின் மேல் நீளமாக விரிந்து. எடுத்தார். கண்ணாடித்தாள்போல் மெலிந்து, நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. விரல் பட்ட இடம் பொடிந்தது.

விளக்கின் அடியில், இடித்த புற்று இருந்த இடத்தில், ஒரு குழி. பானை வாயளவு. உள்ளே ஏதோ ஒன்று நொறுநொறுவென்று மென்றுகொண்டிருந்தது.

சலக். சலக்.

இருட்டிலிருந்து புடைத்த தூசி அவர் காலில் வந்து விழுந்தது. குனிந்து பார்த்தார். நரைமயிர். ரவிக்கைக் கொக்கி. நகங்கள்.

ஓடவேண்டும். திரும்பினார். திரும்பியதாகத்தான் நினைத்தார். விளக்கு இன்னும் எதிரிலேயே இருந்தது. இன்னும் கிட்டத்தில். எவ்வளவு இதமான மஞ்சள். வாயில் எச்சில் ஊறியது. தோள்பட்டை அரித்தது.

பொத்தென்று ஏதோ காலடியில் விழுந்தது. அவர் சட்டை. அவருடைய விரல்களே வேட்டி முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தன.

முறத்தின் சத்தம் நின்றது. வெளிச்சத்தின் விளிம்புக்குள், காலியாக, மெல்ல முறம் நீண்டு வந்தது.