காலி என்று எழுதிய கதவு

புயல் கரை கடந்த நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு, ராஜாமணி அண்ணனின் டிராக்டரில் அரிசி, பாய், பிளீச்சிங் பவுடர் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஒரகடத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரை லைன் வீடுகளுக்குப் போனோம். இருபது ரூம். குடியிருப்பது எல்லாம் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள். ஏரி உடைந்த அன்று பகலில் அவர்களை இதே டிராக்டரில் ஏற்றிக் காப்பாற்றியதும் நாங்கள்தான். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. பொய் சொல்லுவானேன்.

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறும் செத்த மீனும் கலந்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பெண்கள் ஆளுக்கொரு துடைப்பத்தோடு ரூமைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பதினாலாம் நம்பர் மட்டும் இன்னும் பூட்டியிருந்தது. கதவில் மஞ்சள் மார்க்கரில் என் கையெழுத்து: காலி. அடியில் இரண்டு கோடு.

நான் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பார்த்து முடித்த பாகத்தில் மஞ்சள் குறி போடுவது பன்னிரண்டு வருடப் பழக்கம். குறி விழுந்ததை மறுபடி யாரும் தொட மாட்டார்கள். வெள்ளத்தன்றும் அதே புத்தி. பூட்டிய கதவிலெல்லாம் எழுதிக்கொண்டே போனேன்.

அரிசிப் பையை நீட்டினேன். யூனிஃபார்மோடு நின்ற ஒரு பெண் அதை வாங்கவில்லை.

“அண்ணா, ரஞ்சனிய எங்க தங்க வச்சிருக்கீங்க? ஸ்கூல்லயும் இல்ல, மண்டபத்துலயும் இல்ல.”

“எந்த ரூம்மா?”

“பதினாலு. நான் அவ ரூம்மேட்டு, இசைவாணி. ரோடு அறுந்து, இத்தினி நாளா கம்பெனியிலயே மாட்டிகினேன்.”

“அது பூட்டியிருந்துச்சே!”

“நாந்தாண்ணா பூட்டினேன். அவ நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்கினு இருந்தா. உள்தாழ்ப்பாள் உடைஞ்சு கீது. எப்பவும் வெளியில பூட்டிட்டுதான் போவேன்.”

என் மனைவி எழிலரசிக்கும் நைட் ஷிஃப்ட்தான். அவள் தூக்கம் கெடக் கூடாதென்று தினமும் காலையில் நானும் வெளியே பூட்டிவிட்டுத்தான் வருகிறேன். அன்று காலை இங்கே கிளம்பும்போதும் பூட்டினேன். எனக்குத் தெரியாத பழக்கமா அது?

டொக். டொக். டொக்.

பதினாலாம் நம்பருக்கு உள்ளிருந்து.

“உசுரோட கீறா!” சாவியோடு இசைவாணி ஓடினாள்.

ராஜாமணி அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கே சொன்னேனே லோகேசு, யாரோ தட்றாங்கன்னு.”

சொன்னார். “தண்ணி மோதுதுண்ணே, நீ வண்டிய எடு” என்று விரட்டிய பாவி நான்தான்.

பூட்டு திறந்தது.

தட்டும் சத்தம் நின்றது.

ரஞ்சனி கதவோரம் சேற்றில் கிடந்தாள். வெள்ளம் வந்த அன்றே உயிர் போயிருக்கிறது என்று பிறகு போலீசார் சொன்னார்கள். கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல்.

யாருடைய பைக்கையோ பிடுங்கிக்கொண்டு வல்லக்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்குப் பறந்தேன். எங்கள் தெருவில் தண்ணீரே ஏறவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வழியெல்லாம் முருகா, முருகா என்று வாய் அரற்றியது.

என் வீட்டுப் பூட்டு பூட்டியபடி இருந்தது.

கதவில் மஞ்சள் எழுத்து. காலி. அடியில் இரண்டு கோடு.

என் மார்க்கர் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. திறந்தேன். எழிலரசி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், உயிரோடு. அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

“இன்னாய்யா ஆச்சு?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “யாரு அந்தப் பொண்ணு? தொப்பலா நனைஞ்சு, உள்ள கதவாண்ட நின்னு தட்டிகினே இருந்துச்சு. தொறக்க ஆள் வரும்மான்னு சொன்னேன். வராதுக்கா, எழுதிட்டாங்கன்னுச்சு.”

கட்டிலிலிருந்து கதவுவரை தரை காய்ந்துதான் இருந்தது. கதவடியில் மட்டும் ஏரிச் சேறு.

எழிலரசி பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டாள். நாங்கள் இப்போது வீட்டைப் பூட்டுவதே இல்லை. சும்மா சாத்திவிட்டுப் போகிறோம். திருடன் வந்தால் வரட்டும்.

மாலையில் வந்து பார்த்தால் பூட்டு தொங்குகிறது.

நான் சாவியை எடுக்கும்வரை உள்ளே ரஞ்சனி தட்டிக்கொண்டே இருக்கிறாள்.