கடைசியாக வந்த எண்

சமையலறையிலிருந்து மனைவி தனக்கோடி அதையே மூன்றாம் முறையாகச் சொன்னபோதுதான் ராஜகோபால் மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்தான்.

“இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்.”

சொல்லில் ஒன்றுமில்லை. பத்து வருஷமாக அந்தச் சமையலறையிலிருந்து வருகிற சொல்தான். ஆனால் அதன் பின்னால் கரண்டி பாத்திர விளிம்பில் ஒரு தரம் மோதியது, பிறகு தொண்டையைச் சரிசெய்வது போல ஒரு சிறு இருமல் வந்தது. முன்பு இரண்டு முறையும் அப்படியே வந்ததாக இப்போது தோன்றியது. கரண்டி, இருமல். நடுவில் அதே இடைவெளி.

மழை நாளில் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டான். டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மணி நாலே கால். பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி, அதன் பாசி வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஈரத் துணியின் மணத்தோடு கலந்து நின்றது. பின்பக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் கேஸ் அடுப்பின் சீறல் மெல்லக் கேட்டது. அவன் மேஜையிலிருந்து ஒரு கறுப்பு கேபிள் இறங்கி, சுவரோரமாக நடையைக் கடந்து, சமையலறைக்குள் போயிருந்தது. அதன் மறுமுனையில், அடுப்புக்குப் பக்கத்தில், வெப்பத்தை அளக்கும் ஒரு சிறு கருவி. மானிட்டரில் 41 என்று இருந்தது.

அவளைக் கூப்பிட்டது அவன்தான். “தனம், இங்க வா. ஒண்ணு சொல்லணும்.” காலையிலிருந்து பேசாதவள் பதில் சொன்னதே அவனுக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டான். பிறகு இன்னொரு தரம்.

காலையில் மழையில் நனைந்துகொண்டு அஞ்சம்மாள் வந்திருந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தத்தின் மனைவி. இடுப்பிலிருந்து ஒரு பால் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்த காகிதத்தை நனையாமல் பிரித்து நீட்டினாள்.

“அவரு சட்டைப் பையில இருந்துச்சு சார். உங்க அட்ரஸ அவரு டைரியிலருந்து எடுத்துகினு வந்தேன். சார் ரெண்டு மணி நேரம் உக்காந்து பார்த்துகீறாரு, அப்ப தப்பு நம்ம கையிலதான்னு சொல்லிகினே இருப்பாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நெசமாலுமே அப்படித்தான் எழுதிகீதா?”

சம்பந்தத்துக்கு அவன் அனுப்பிய மெயிலின் பிரிண்ட். நாலு வரி. கீழே ராஜகோபாலின் பெயர்.

“ஆமாம்மா,” என்றான் ராஜகோபால்.

“ரெண்டு மணி நேரம் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். “அப்ப அவரு மேலதான் தப்பு. ஃபேக்டரியிலயும் அதான் சொல்றாங்க.” தனக்கோடி நீட்டிய காபியைக் குடிக்காமல், குடை இல்லாமல் இறங்கிப் போனாள்.

உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று விட்டுவைத்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு சின்ன புரோகிராம் ராஜகோபாலுடையது. வெளியே இருக்கும் கருவியிலிருந்து கேபிள் வழியாக வருகிற எண்ணை வாங்கிக் காட்டுவது அதன் வேலை. அதில் பிழை என்று யாராவது எழுதினால், சோதித்துப் பார்த்துப் பதில் சொல்வது அவன் வேலை. ஆபீஸில் யாருக்கும் தெரியாத இந்த வேலையில்தான் தனக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பதாக அவன் நினைத்திருந்தான்.

செப்டம்பரில் சம்பந்தத்தின் மெயில் வந்தது. முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், உடைந்த இங்கிலீஷில். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு கருவி செத்துப்போனால் உங்கள் புரோகிராம் அதைச் சொல்வதில்லை சார். கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். ஆபத்து.

அன்று டி.வி.யில் மேட்ச். ராஜகோபால் புரோகிராமைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தான். ‘இரண்டு மணி நேரம் சோதித்தேன். என்னிடம் அந்தப் பிழை வரவில்லை. புகாரை மூடுகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டு எழுந்து போனான்.

ஒரு வாரம் கழித்து அந்த ஆள் போன் செய்தார். “உங்ககிட்ட வரலைன்னா இல்லவே இல்லன்னு ஆயிடுமா சார்? ஒரு தபா வந்து பாருங்க. பெருங்களத்தூர்ல டிரெயின் ஏறினா முக்கால் மணி நேரம். டிபன் என் செலவு சார்.” அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். மூன்று முறை அடுத்த வாரம் என்றான். நவம்பரில் பேப்பரில் ஐந்தாம் பக்கம் செய்தி வந்தது. பாய்லர் வெடித்து ஒருவர் பலி. அந்தத் தாளை மட்டும் உருவி, பீரோவின் அடித்தட்டில் விரித்து, அதன் மேல் துணியை அடுக்கி வைத்தான்.

அஞ்சம்மாள் போன பிறகு தனக்கோடி கேட்டது ஒன்றுதான்.

“எப்ப பாத்தீங்க, ரெண்டு மணி நேரம்?”

அவன் போய் மேஜை முன்னால் உட்கார்ந்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவன் கேபிளை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனபோது அவன் முகத்தைப் பார்க்காமல் பால் பாத்திரத்தை நகர்த்தி இடம் விட்டாள். இந்தத் தடவை முழுதாக இரண்டு மணி நேரம் ஓட்டுவது, பிறகு அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வது, நாளைக்கே அஞ்சம்மாளிடமும் போய்ச் சொல்வது என்று முடிவு செய்திருந்தான்.

நாலு மணிவரை எண் மாறிக்கொண்டுதான் இருந்தது. 39, 42, 44, 40. அடுப்பை ஏற்றி இறக்குவது அதில் தெரிந்தது. அவள் அங்கே நடமாடுவதை அவன் எண்களில் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது 41. வெகு நேரமாக 41.

“இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்.”

கரண்டி. இருமல்.

இந்த முறை அவன் கூப்பிடவில்லை.

மழை அப்படியேதான் பெய்தது. ஆனால் அதற்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த அடுப்பின் சீறல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அடுப்பு அணைந்தால் சூடு இறங்க வேண்டும். இறங்கவில்லை. நடைப் பக்கமிருந்து சோறு தீய்ந்த வாடை வந்தது, அதற்குப் பின்னால் அழுகிய முட்டைக்கோஸ் போல இன்னொன்று. கேஸ். அவன் கை தானாக மேஜைக்குப் பின்னால் போய்க் கேபிளைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரிலிருந்து உருவியது. முனை கையோடு வந்தது. இப்போது அது எதோடும் சேரவில்லை.

மானிட்டரில் 41.

சம்பந்தம் சொன்னது சரி. ஒவ்வொரு எழுத்தும் சரி.

“இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்.”

கரண்டி. இருமல்.

அவன் எழுந்தான். நடையில் வெளிச்சம் குறைவாக இருந்தது. ஸ்விட்சைத் தொடக் கூடாது என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான். பத்து அடி நடந்தான். சமையலறை வாசலில் தனக்கோடி பழைய சேலையில் தைத்து மாட்டிய திரைச்சீலை முழங்கால் உயரம் வரை தொங்கியது. அதற்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

நிற்கிறாள். நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

“தனம்.”

பொங்கி அடுப்பை அணைத்த கஞ்சி இன்னும் சமையல் மேடையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. கொதித்த கஞ்சி. ஆவி பறந்தது. தரையில் மெல்லப் பரவி வந்து அவள் குதிகாலைத் தொட்டது. விரல்களைச் சுற்றிக்கொண்டது. மெட்டியை மூடியது.

கால் நகரவில்லை.

ஒரு விரல்கூட.

அவன் திரைச்சீலையைப் பிடித்தான். துணி ஈரமாக இருந்தது. விலக்கினால் தெரிந்துவிடும். ஒரு கை அகலம் விலக்கினால் போதும். முக்கால் மணி நேரப் பயணம்கூட இல்லை. விரல்கள் துணியைப் பிடித்தபடியே நின்றன. விலக்காதவரை குரல் இருக்கிறது. விலக்காதவரை எல்லாம் சரியாக இருக்கிறது.

“தனம், நான் சோதிச்சுப் பாக்கவே இல்ல,” என்றான். “பத்து நிமிஷம்தான் பாத்தேன். பொய் எழுதிட்டேன். அந்தம்மாகிட்டயும் பொய் சொன்னேன். கேக்குதா?”

மழை. ஏரித் தவளைகள். கஞ்சி அவன் கால் பக்கமாகத் திரும்பியது.

“இதோ வந்துட்டேன்,” என்றாள் தனக்கோடி. “ரெண்டே நிமிஷம்.”

கரண்டி.

இருமல்.

“சரி,” என்றான் ராஜகோபால். “மெதுவா வா.”

திரைச்சீலையை விட்டுவிட்டான்.