காற்று வரும் பக்கம்

அந்த வருஷத்து வெயிலைத் திட்டாத ஆள் ஊரில் ஒருத்தன்தான் இருந்தான். ஏசி மெக்கானிக். ஊர் வெந்தால்தானே அவனுக்குச் சோறு வேகும். கடையில் எல்லோரும் அவனை 'ஐஸு' என்று கூப்பிடுவார்கள். பெயர்தான் ஐஸு, காலை எட்டு மணிக்கே சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும்.

வெயில் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். அந்த வருஷம் புழுக்கமும் சேர்ந்துகொண்டது. குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி நனைந்தது உடம்பு. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. குடித்த தண்ணீர் தொண்டையைத் தாண்டுமுன் வேர்வையாய் வெளியே வந்தது.

அப்படி ஒரு நாளில், பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது, அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏறினான். இரண்டாவது திருப்பத்தில் படி ஒன்று உடைந்திருந்தது. அதைத் தாண்டியதும்தான் அவனுக்குப் பொறி தட்டியது. போன வருஷம் இங்கே ஏசி மாட்டியது அவனேதான்.

கதவைத் திறந்த வீட்டம்மாவின் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"வாங்கண்ணா. இதோட மூணாவது ஆள் நீங்க. காலையில வந்தாங்க, நல்லா ஓடுது. சாயங்காலம் வந்தாங்க, நல்லா ஓடுது. மதியம் பன்னெண்டு அடிச்சா போதும், படக்குனு நின்னுடும்."

"மூணு மணிக்கு மேல தானா ஓடும், என்னமோ அதுக்கு டூட்டி டைம் மாதிரி," என்றார் உள்ளேயிருந்து வீட்டுக்காரர், அவன் முகத்தைப் பார்க்காமலே. ஏசி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டியபடி ஆபீஸ் வேலை செய்பவர். "ஏம்ப்பா, மாட்டினவன் ஒழுங்கா மாட்டியிருந்தா இந்தத் தலைவலி வருமா?"

மாட்டினவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

பன்னிரண்டு அடித்தது. ஏசி நின்றது.

மொட்டை மாடியில் தரை கொதித்தது. செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதற்குள் இறங்க இரும்பு ஏணி. சுவரில் அவுட்டோர் யூனிட், அதாவது அறையின் சூட்டையெல்லாம் வாங்கி வெளியே தள்ளுகிற பெட்டி. அது சூட்டைத் தள்ளும் பக்கத்தில், மூன்றடி தூரத்தில், நேரெதிரே ஒரு சின்ன அறையின் சன்னல்.

அந்தச் சன்னலின் கதவு மூடாது. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். சுவரைத் துளைக்கச் சோம்பல்பட்டு, செம்புக் குழாயைச் சன்னல் மூலை வழியாகக் கொண்டுபோனவன் அவன்தான். 'ஸ்டோர் ரூம்தானே, யாரு இருக்கா' என்று அன்றைக்கு வீட்டுக்காரர் சொன்னார். இவனும் தலையாட்டினான்.

ஆனால் அன்றைக்கு அந்தச் சன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கையில் ஒரு டம்ளர் தண்ணீர். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் கட்டாமல், துணி தைத்தே தம்பியைப் படிக்க வைத்தவள்.

"தம்பி, இதுலேருந்து காத்து எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு இவன் சொன்னான்: "மேல போயிடும்க்கா. உங்களுக்குச் சூடு ஒண்ணும் தெரியாது."

பொய். உண்மையைச் சொன்னால் பெட்டியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி.

இப்போது ஏணியில் நின்றபடி யூனிட்டைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

காற்று வெளியேறும் கம்பி வலையை மூடி ஒரு துணி கட்டியிருந்தது.

ஏதோ பறந்து வந்து சிக்கிய துணி இல்லை. அளவெடுத்து வெட்டியது. நாலு ஓரமும் கைத்தையலில் மடித்து அடித்து, நாலு மூலையிலும் நாடா வைத்து, நாலு முடிச்சு. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று போக வழியில்லாமல் சூடேறி இயந்திரம் நின்றிருக்கிறது.

தொட்டான். அந்தக் கொதிப்பில், மண்பானையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல, சில்லென்றிருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பின்பு, 'யாரோ விளையாடுறாங்க' என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, முடிச்சுகளை அவிழ்த்துத் துணியைத் தோளில் தொங்கிய பைக்குள் திணித்தான். பத்து நிமிஷத்தில் ஏசி ஓடத் தொடங்கியது.

கீழே வந்து கேட்டான். "மேடம், அந்தச் சின்ன ரூம்ல இருந்தவங்க..."

"அவங்க அக்காவா? தவறிட்டாங்கண்ணா. போன வருஷம் இதே மாசம். மதியம் படுத்தவங்க எழுந்திருக்கவே இல்ல. ஹார்ட்டுன்னு சொன்னாங்க." அவள் குழந்தையைத் தோளில் தட்டினாள். "இப்ப மதியத்துல பாப்பாவை அங்கதான் தூங்க வைக்கிறோம். பச்சப் புள்ளைக்கு ஏசி ஒத்துக்காதாமே, சளி கட்டிக்கும்னு டேபிள் ஃபேன் வச்சிருக்கேன். அந்த ரூம் ஒண்ணும் அவ்வளவு வெக்கையா இல்ல."

இருக்காது. பன்னிரண்டுக்கு இயந்திரம் நின்றுவிடுகிறதே, வெக்கை எங்கிருந்து வரும்?

இது அவன் மண்டையில் உறைத்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'புள்ளையை அங்க போடாதீங்க' என்று மூன்றே வார்த்தை. ஆனால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால், மாட்டியவன் யார் என்று வரும். மாட்டியவன் யார் என்றால், மதியம் படுத்தவள் ஏன் எழுந்திருக்கவில்லை என்றும் வரும்.

"இனிமே நிக்காது மேடம். நாள் பூரா ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அட பாவி.

அடுத்த வீட்டு வேலையை முடித்துக் கிளம்பி, இரண்டு தெரு தாண்டியிருப்பான். தொடையில் சில்லென்று ஏதோ ஓடியது. வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தான். பைக்குள்ளிருந்து தண்ணீர். ஒரு துண்டுத் துணியில் இருக்கக்கூடிய தண்ணீர் இல்லை அது. கால் வழியாக இறங்கி, செருப்பை நனைத்து, தாரில் விழுந்து ஆவியாகிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது.

காதருகே, வறண்ட தொண்டையில், யாரோ கேட்டார்கள்.

"தம்பி... காத்து எந்தப் பக்கம் வரும்?"

வண்டியைத் திருப்பினான்.

மணியை அடித்தான். திறக்கவில்லை. கதவைத் தட்டினான், உதைத்தான், வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். ஏசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஹெட்போனில். குளிரில் அசந்து வீட்டம்மா தூக்கத்தில். மெயினை அணைக்கலாமென்று கீழே ஓடினால் மீட்டர் பெட்டிக்குப் பூட்டு. மறுபடி மாடிக்கு ஓடினான்.

ஏணியில் இறங்கியதும் முகத்தில் அனல் அறைந்தது. அவன் பழுது பார்த்துக் கொடுத்த இயந்திரம் முழு வேகத்தில் அந்தச் சன்னலுக்குள் தீயை ஊதிக்கொண்டிருந்தது. சன்னலில் தொங்கிய பழைய புடவை உள்பக்கமாய்ப் படபடத்தது.

குழந்தையின் அழுகை இல்லை.

பையிலிருந்து துணியை எடுத்தான். அவிழ்த்த அதே நாலு முடிச்சையும் அவனே போட்டான். ஒன்று. இரண்டு. மூன்றாவது நாடாவை வேர்வைக் கை நழுவ விட்டது.

வேறொரு கை அதைப் பிடித்துக் கொடுத்தது.

ஊசி குத்திக் காய்த்த விரல்கள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பு இல்லை. நாலாவது முடிச்சைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடியே அழுதான். "உங்க பக்கம்தான்க்கா வரும். அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

இயந்திரம் முனகியது, திணறியது, நின்றது.

புடவை அடங்கித் தொங்கியது. அதை விலக்கினான். அறைக்குள் காற்று அடுப்பு வாய் போல இருந்தது. டேபிள் ஃபேன் அந்தச் சூட்டையே திருப்பித் திருப்பி வீசியது. ஆனால் பாயில் குழந்தை சுகமாய்த் தூங்கியது. நெற்றியிலிருந்து கால்வரை ஒரு ஈரத் துணி. ஓரமெல்லாம் அதே கைத்தையல். பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவுக்குப் பாய் நனைந்திருந்தது.

சன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீர். வெளியே முத்து முத்தாய்க் குளிர்ந்து வேர்த்திருந்தது. அதை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

கதவை உடைக்காத குறையாய்த் தட்டியபோது வராத வீட்டுக்காரர், ஏசி நின்றதும் வந்தார்.

"என்னய்யா, மறுபடி நின்னு போச்சு..." என்று சின்ன அறைக் கதவைத் திறந்தவர், உள்ளிருந்த அனலில் ஓரடி பின்வாங்கினார். பின்னாலேயே ஓடிவந்த வீட்டம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். குழந்தை மேலிருந்து நழுவிய துணி அவர் காலடியில் விழுந்தது. எடுத்தார். ஓரத்தைத் தடவினார். தையல் முடிகிற இடத்தில் இரட்டை முடிச்சு.

"இது எங்க அக்கா தையல்," என்றார். அவர் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகியிருந்தது. "என் ஸ்கூல் சட்டையெல்லாம் இப்படித்தான் முடிப்பா."

மெக்கானிக் சன்னலுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மாட்டியது யார், குழாய் ஏன் அந்த வழியாக வந்தது, அவள் என்ன கேட்டாள், இவன் என்ன சொன்னான். ஒன்றும் மறைக்கவில்லை.

வீட்டுக்காரர் அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் அடிக்கவில்லை.

"வெக்கையா இருக்குன்னு அக்கா ஒரு நாளும் சொன்னதில்லையே," என்றார்.

"நீங்க கேட்டீங்களா சார்?"

அவர் கையிலிருந்த ஈரத் துணியை மடிக்கத் தொடங்கினார். கேட்க இவனுக்கும் யோக்கியதை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. வீட்டம்மா மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு 'ஸ்டோர் ரூம்தானே' என்று சொன்னவர் யார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரியவந்தது.

சாயங்காலத்துக்குள் பெட்டியைக் கழற்றி மொட்டை மாடியில் மாட்டினான். சுவரைத் துளைத்தான். சன்னல் கதவை இழுத்து மூடிப் பார்த்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அது மூடியது. செத்தவளுக்கு இனி அதனால் என்ன?

மறு வாரம் கடையிலிருந்து வேறொரு வீட்டுக்கு அனுப்பினார்கள். புது ஏசி. ஊரின் மறு கோடியில், புத்தம் புதிய கட்டடம். அவுட்டோருக்கு வீட்டுக்கார அம்மாள் காட்டிய இடத்துக்கு எதிரே ஒரு சின்னச் சன்னல் இருந்தது. சாத்தியிருந்தது.

"அந்த ரூம்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான். இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் கருவிப் பையைத் திறக்குமுன் அதைத்தான் கேட்கிறான்.

"அய்யே, அது சும்மா பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம். நீங்க பாட்டுக்கு மாட்டுங்க."

சரி என்று பெட்டியைப் பிரித்தான். கம்பெனியில் ஒட்டிய சீல் அப்படியே இருந்தது. கத்தியால் நாடாவைக் கிழித்தான். தெர்மகோலை எடுத்துப் போட்டான். பாலித்தீன் உறையை உரித்தான்.

கம்பி வலையின் மேல் ஒரு துணி. நாலு மூலையிலும் நாலு முடிச்சு. ஈரம் சொட்டியது.

சன்னலுக்கு உள்ளே யாரோ ஒரு வயதானவர் இருமினார்.