பின்பக்கத்தில் ஒரு வரி

மழை… சாத்தம் ஜெட்டியில் மழை என்றால் அது மேலேயிருந்து மட்டும் வராது. பக்கவாட்டில் வரும், பலகை இடுக்கு வழியாகக் கீழேயிருந்தும் வரும். பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்த காலை ஃபெர்ரி கரையைத் தொட்டதும், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள் சிசிலியா. அதே படகில் ஏறுவதற்காக ஒருத்தி விரித்த குடையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஏறுகிறவள் குடையை மடக்கிக்கொண்டல்லவா வரவேண்டும்? மடக்கவில்லை. குடைக்கம்பி பொதியில் மாட்டியது. பொதி அவிழ்ந்து, உள்ளேயிருந்த கனமான நோட்டு சகதியில் மல்லாந்து விழுந்தது.

"ஐயோ மாதாவே…" சிசிலியா அப்படியே குந்திவிட்டாள். "ஒரு மாச வேலை. கண்ணு தெரியலையாக்கும்?"

"மாஃப் கரோ, மாஃப் கரோ… நான் ஜல்தில வந்தேன்."

"ஜல்தியாம். போட் பத்து நிமிஷம் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

வந்தவள் நோட்டை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மை பரவியது. பிறகு ரொம்ப அக்கறையாக ஒரு பக்கத்தை விரித்துப் பார்த்து, "அச்சாதான் இருக்கு. படிக்கலாம்," என்றாள்.

நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

கோபம் வரவேண்டிய இடத்தில் சிசிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள்… இமையில் மழைத்தண்ணீர் தொங்குகிறது, மை கரைந்து கன்னத்துக்கு வந்துவிட்டது, அதுகூடத் தெரியாமல் திருதிருவென்று விழிக்கின்றன. இப்படியும் ஒரு முழியா என்று நினைத்தாள். நினைத்தவள் பார்வையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"தமிழ் படிக்கத் தெரியாதா?"

"பேசத் தெரியும். எழுத்து மாலூம் இல்ல," என்றாள் அவள் வெட்கத்தோடு.

அவள் பெயர் கமலாட்சி. போர்ட் பிளேயர் கரையில், மின்னி பேயில் வீடு. அவளுடைய கொள்ளுத்தாத்தா கைதியாகக் கப்பலில் வந்து இறங்கியவர். நாலு தலைமுறையாகத் தீவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். வீட்டில் பாதி தமிழ், பாதி இந்தி. படித்தது முழுக்க இந்தியில். இப்போது பாம்பூஃப்ளாட் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தி வாத்தியாரம்மா. சிசிலியாவோ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா வேதநாயகம் படகு கட்டும் ஆசாரி. வீடு பாம்பூஃப்ளாட்டில், டைப்பிஸ்ட் வேலை போர்ட் பிளேயரில். இவள் இறங்குகிற படகில் அவள் ஏறவேண்டும். அது எழுபத்திரண்டாம் வருஷம்.

அந்த நோட்டு, 'நீலக்கரை' என்ற கையெழுத்துப் பத்திரிகை. தமிழில் அச்சடிக்கத் தீவில் வழியில்லாத காலம். மாதம் ஓர் இதழ், அதுவும் ஒரே ஒரு பிரதி. ஜெயராமன் சார் ஆசிரியர். யார் யாரோ எழுதிக் கொடுப்பதை எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் பிரதி எடுப்பவள் சிசிலியா. முடிந்ததும் அது வீடு வீடாகக் கைமாறும், படகேறி ரங்கத் வரைக்கும் போகும். பின்னால் பத்துப் பக்கம் வெற்றாக விட்டிருப்பார்கள். படித்தவர்கள் மனதில் பட்டதை அங்கே எழுதவேண்டும். பெயர் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். ஒருத்தர் எழுதியதற்குக் கீழே இன்னொருத்தர் பதில் சொல்வார். ஒரு மாதம் கழித்து மஞ்சளும் டீக்கறையும் மீன்வாசமுமாக நோட்டு திரும்பி வரும்போது, சிசிலியா முதலில் புரட்டுவது அந்தப் பின்பக்கங்களைத்தான்.

நனைந்த இதழை மறுபடி எழுதவேண்டியிருந்தது. குற்றவாளி சும்மா இருக்கவில்லை.

"எழுதத் தெரியாது. ஆனா படம் போடுவேன்," என்றாள் மறுநாள் ஜெட்டியில்.

"என்ன படம்?"

"சங்கு, மீன், தென்ன மரம்… உன் மூக்கு."

"என் மூக்கு என்ன பண்ணிச்சு?"

"கோவம் வந்தா செகப்பாகுது. கலர் பென்சில் வீணாகாது."

அப்படித்தான் ஆரம்பித்தது… காலையில் பத்து நிமிஷம். சாயங்காலம் பள்ளி முடிந்த பிறகும் கமலாட்சி முதல் படகில் போகமாட்டாள். சிசிலியா வந்து இறங்குகிற படகு வரும்வரை பாம்பூஃப்ளாட் கரையில் காத்திருந்து, அதில்தான் ஏறுவாள். மறுபடி பத்து நிமிஷம். ஓரங்களில் கமலாட்சி சங்கும் கொடியும் வரைந்து தர, நடுவில் சிசிலியா எழுதினாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது, 'நீ' எப்போது 'ஏட்டி' ஆனது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, கமலாட்சி நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள்.

"நானும் எழுதிருக்கேன். இந்தி எழுத்துல தமிழ். நீ தமிழ் எழுத்துல போடு. இங்க படிக்காத… வீட்ல போய்ப் படி."

சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் எட்டு மிச்சமிருக்கும்போதே ஓடிப்போய்ப் படகில் ஏறிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து சிசிலியா தாளைப் பிரித்தாள். பள்ளியில் படித்த இந்தி எழுத்து மறந்திருக்கவில்லை.

'டெய்லி காலைல நான் ஜெட்டில நிக்கிறேன். போட்ல இருந்து ஒரு பொண்ணு எறங்குவா. நான் ஏறணும். நடுவுல பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் என் நாள் பூரா ஓடுது. ஒரு பொண்ணுக்காக இன்னொரு பொண்ணு இப்படி நிக்கிறத யாராச்சும் எழுதிருக்காங்களா, எனக்கு மாலூம் இல்ல. இந்தத் தீவுல என்ன மாதிரி வேற யாராச்சும் இருந்தா பின்பக்கத்துல ஒரு வரி எழுதுங்க. போதும். கமலாட்சி, மின்னி பே.'

எனக்காகவா… எனக்காகவேவா? சிசிலியாவுக்குக் காதெல்லாம் சுட்டது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். ஒரு வருஷமாகத் தன் நெஞ்சில் கிடந்து அடித்துக்கொண்டதற்கு என்ன பெயர் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

வெளியே அப்பா பலகை இழைக்கிற சத்தம் கேட்டது. இதழ் தயாரானால் முதலில் படிப்பவர் அவர்தான். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் "எம்மவ எழுத்தப் பாருங்க" என்று சத்தமாக வாசித்துக் காட்டுவார். கோயில் சாமியார் வந்தாலும் வாசிப்பார். சந்தோஷம் எல்லாம் அப்படியே வடிந்தது.

அவள் செய்த காரியத்தைச் சொல்லவே எனக்கு ஆத்திரமாக வருகிறது. படகுக்குக் காத்து நிற்பது ஒரு வாலிபன் என்று மாற்றினாள். கடைசியில் இருந்த கேள்வியையும் வேண்டுகோளையும் விட்டுவிட்டாள். கமலாட்சியின் பெயர் இருந்த இடத்தில் 'கடலோரக் கவிஞன்' என்று ஒரு புனைபெயரைப் போட்டாள். முத்து முத்தான கையெழுத்தில்தான் போட்டாள்.

அழகான ஓரப்படங்களுக்கு நடுவே அந்தப் பக்கத்தைக் கமலாட்சி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "இதுல எது எம்பேரு?" என்று கேட்டாள். சிசிலியா கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள்.

ஆகஸ்டில் இதழ் ஊர் சுற்றித் திரும்பியது. பின்பக்கங்களில் ஒரே கேலி. 'தம்பி, நின்றது போதும், பெண் வீட்டில் போய்க் கேளும்.' 'கவிஞரே, படகைத் தவறவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள்.' சிசிலியா சிரித்துக்கொண்டே புரட்டினாள். கடைசிப் பக்கத்தின் அடியில், பென்சிலில், நடுங்கிய எழுத்தில் இருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

'இதை ஆண் எழுதியதாகப் போட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் ரங்கத்தில் இருக்கிறேன். ஒரு பெண்ணுக்காக நானும் ஜெட்டியில் நின்றவள். எழுதியது பெண்ணாக இருந்தால் அடுத்த இதழில் ஒரு வரி சொல்லுங்கள். நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தால் போதும்.'

பெயர் இல்லை. சிசிலியா நாலு தடவை படித்தாள். அப்பா வருகிற காலடி கேட்டது… ரப்பரை எடுத்தாள்.

மறுநாள் ஜெட்டியில் கமலாட்சி ஆவலாகக் கேட்டாள். "என்ன மாதிரி யாராச்சும் எழுதிருக்காங்களா?"

"இல்லட்டி."

"ஒருத்தர்கூடவா?"

"யாரும் எழுதல."

கமலாட்சி தண்ணீரைப் பார்த்தபடி, "நீ அதப் படிச்சிட்டு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல," என்றாள். சிசிலியா வாயைத் திறந்தாள். சரக்குப் படகு ஒன்று ஊதியது. வாயை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு கமலாட்சி சாயங்காலம் காத்திருக்கவில்லை, முதல் படகிலேயே போய்விட்டாள். காலையில் சிரிப்பாள், ஏறிவிடுவாள். பொங்கல் முடிந்த வாரம் சேதியைச் சொன்னாள். மாப்பிள்ளை ஜம்புலிங்கம், மெட்ராஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கல்யாணம் பிப்ரவரியில். பிறகு மெயின்லேண்ட் போய்விடவேண்டும்.

"உனக்கு இஷ்டந்தானா?" என்று சிசிலியா கேட்டாள்.

"இவ்ளோ பெரிய தீவுல நான் ஒருத்திதான் இப்படின்னா, கோளாறு எனக்குத்தானே? அம்மா கேட்டாங்க. ஹாங்னு சொல்லிட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள்… நாளைக்கு, திங்கட்கிழமை, மழை விட்டதும்… ஒரு மாதம் ஓடிவிட்டது.

கமலாட்சி வேலைக்குப் போகும் கடைசி நாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். படகிலிருந்து இறங்கிய சிசிலியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கமலா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. பத்து நிமிஷம் இருக்கு."

"நீ எழுதுனத நான் அப்படியே போடல. ஆம்பள எழுதுன மாதிரி மாத்திட்டேன். நான் தொட்டுக் காட்டுனது உம்பேரு இல்ல."

கமலாட்சி கையை விடுவிக்கவில்லை.

"இன்னும் இருக்கு. உன்ன மாதிரி ஒருத்தி எழுதியிருந்தா. ரங்கத்துல இருந்து. பென்சில்ல."

"என்ன எழுதிருந்தா?"

சிசிலியா சொன்னாள். ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக இருந்தது. சொல்லச் சொல்லக் கமலாட்சியின் பெரிய கண்கள் நிறைந்தன.

"அந்தப் பக்கத்தக் குடு. எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் பரவால்ல. குடு."

"இல்லட்டி… ரப்பர் வச்சு அழிச்சிட்டேன்."

"எந்த மாசம் எழுதினா?"

"ஆகஸ்ட்டுல."

கமலாட்சி விரல்விட்டு எண்ணினாள். "அப்போ ஆறு மாசமா ஒவ்வொரு புஸ்தகமா வாங்கிப் புரட்டிட்டு இருப்பா. பாவம்."

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட சிசிலியா தாங்கியிருப்பாள்.

"கமலா… படகுல இருந்து எறங்குறது நான்தான்னு படிச்ச அன்னைக்கே தெரியும். அன்னைக்கு சந்தோசத்துல எனக்குச் சோறு எறங்கல. நானும் உனக்காகத்தான் எறங்குனேன். ஆபீசுக்காக இல்ல. அப்பாவுக்குப் பயந்துட்டேன். எல்லாருக்கும் பயந்துட்டேன்."

"என்ன ஒரு தடவயாச்சும் நெனச்சுப் பாத்தியா?"

"இப்பவும் வேண்டாம்னு சொல்லேன்," என்றாள் சிசிலியா கெஞ்சலாக.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நேத்துதான் கப்பல்ல வந்து எறங்குனாங்க. ரெண்டு கெழவிங்க, கடல்ல நாலு நாள் வாந்தி எடுத்துட்டு வந்து என் கன்னத்தத் தடவிக் குடுக்குறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்வேன்? ஆகஸ்ட்டுல நீ சொல்லிருந்தா, என் வாயில இருந்து ஹாங்ங்கிற வார்த்தையே வந்திருக்காது, சிசிலி."

படகு மணி அடித்தது. கமலாட்சி சேலைத் தலைப்பால் முதலில் சிசிலியாவின் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை.

"அவளுக்காச்சும் ஜவாப் எழுது. அவளும் என்ன மாதிரி தலையாட்டிடப் போறா."

ஏறிவிட்டாள். படகு கிளம்பியது. கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று சிசிலியா கடைசிவரை தேடினாள். கிடைக்கவில்லை.

அன்று அவள் ஆபீசுக்குப் போகவில்லை. ஹாடோவில் ஜெயராமன் சார் வீட்டுக்கு நடந்தாள். பையில் மார்ச் மாத இதழ் இருந்தது, முதல் பக்கம் இன்னும் எழுதாமல். அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதினாள். எழுத்து முத்து முத்தாக வரவில்லை.

'ரங்கத்தில் இருக்கும் சகோதரிக்கு. ஜூன் மாதம் படகுக்குக் காத்திருப்பதாக எழுதியது பெண்தான். அவள் காத்திருந்தது எனக்காக. அவளை ஆணாக மாற்றி எழுதியவள் நான். நீங்கள் எழுதிய வரியை அழித்தவளும் நான். நானும் அவளை நேசித்தேன், நேசிக்கிறேன், சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது. நீங்கள் தனி ஆள் இல்லை. இத்துடன் மூன்று பேர். வே. சிசிலியா, பாம்பூஃப்ளாட்.'

ஜெயராமன் சார் வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பாதான் முதல்ல படிப்பார், தெரியுமில்லம்மா? கீழ வேற பேர் ஏதாவது போட்டுக்கலாமா? புனைபெயர் மாதிரி?"

"வேண்டாம் சார்," என்றாள் சிசிலியா. "ஒரு தடவ போட்டாச்சு."