பேச்சுக்குச் சொன்னது

சுற்றுச்சூழல் துறை இயக்குநர் லாய் காரைவிட்டு இறங்கியபோது சாயங்கால வெயில் மண் குழிகளின் மேல் சாய்ந்து கிடந்தது. தைவானில் காவோசியுங் நகருக்கு வெளியே மூடிக்கிடந்த பழைய தொழிற்சாலை அது. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் குளோரின் கரைப்பானில் கழுவி, மிச்சத்தைக் கொல்லைப்புறத்தில் ஊற்றியிருந்தார்கள். இப்போது பூமிக்குள் சூட்டுக் கம்பிகளைச் செருகி, விஷத்தை ஆவியாக்கி உறிஞ்சுகிறார்கள். மண் சுத்தம் என்று லாய் அறிவித்துவிட்டால் அங்கே அடுக்குமாடி எழும். லாயும் எழும்புவார், துணை அமைச்சர் நாற்காலி வரை.

அன்று அவர் ஏகக் குஷியில் இருந்தார். மகள் வென்-யூ பல வருடம் ஏங்கிப் பெற்ற குழந்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பிள்ளை பெற்ற வீடு. ஒரு மாதத்துக்கு அன்னியர் வாசற்படி மிதிக்கக் கூடாது.

ஆவிகள் உலவ வரும் ஏழாம் மாதம் என்பதால் தொழிற்சாலை வாசலில் அவற்றுக்குப் படையல். பீர், சிகரெட், அவர்கள் முகம் கழுவ ஒரு பேசின் தண்ணீர். ஊதுபத்தியை உயர்த்தி, ஆவிகளை அழைக்கும் வழக்கப்படி லாய் ஆரம்பித்தார்.

"மதிப்புக்குரிய நல்ல அண்ணன்மார்களே..."

"அண்ணன் எங்க சார் வந்தான்?" படையலுக்குச் சமைக்க வந்த ஆ-சூன் குறுக்கிட்டாள். ஒரு காலத்தில் நீலச் சீருடையில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். "இங்க அந்த விஷத்துல கை கழுவிக் கழுவியே செத்தது பூரா பொண்ணுங்க. பீரை வச்சா எவ குடிப்பா?"

பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின. லாய் சளைக்கவில்லை.

"அருமைச் சகோதரிகளே, நீங்கள் இனி இந்த மண்ணில் அவதிப்பட வேண்டாம். என் வீடு உங்கள் வீடு. என் குடும்பம் உங்கள் குடும்பம். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்."

கைதட்டல் எழுந்தது. ஆ-சூன் மட்டும் தட்டவில்லை.

"வீட்டுக்கு யாராச்சும் கூப்பிடுவாங்களா சார்?" என்று கிசுகிசுத்தாள்.

"பேச்சுக்குச் சொன்னேன்."

"அவங்களுக்குப் பேச்சுன்னு தெரியுமா?"

காற்று நின்றது.

உறிஞ்சும் எந்திரம் தானாக ஓய்ந்தது. குழிகளிலிருந்து ஒரு வாடை எழுந்தது. தித்திப்பாக, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை.

பேசினில் தண்ணீர் அசைந்தது. அதன் அருகில் யாருமில்லை.

பக்கத்தில் மடித்து வைத்திருந்த துண்டு மெல்ல ஈரமானது. ஒரு கை துடைத்த அளவுக்கு.

பிறகு இன்னொரு கை.

பிறகு இன்னொன்று.

லாய் புன்னகையைக் கலைக்காமல் அத்தனை படங்களுக்கும் நின்றார். மண் சுத்தம் என்று அறிவித்தார். வாடை அதற்குள் போயிருந்தது. துளிகூட இல்லை. மண்ணில் இனி எதுவும் இல்லைதான்.

காரில் ஏறும்போது போன் அடித்தது. வென்-யூ.

"அப்பா, நீங்க அனுப்பின அக்காங்க வந்துட்டாங்க."

"எந்த அக்காங்க? யாரையும் உள்ள விடாதம்மா."

"நீங்கதான் கூப்பிட்டீங்களாமே? எல்லாரும் ஒரே மாதிரி நீலச் சட்டை. பாவம், ரொம்பச் சின்னப் பொண்ணுங்க. வந்ததுலேர்ந்து ஒரே கழுவல்தான். பால் பாட்டில், துணி, தரை எல்லாம்."

"வென்-யூ, குழந்தையத் தூக்கிட்டு வெளிய வா."

"எதுக்குப்பா? மதியத்துலேர்ந்து கத்திக்கிட்டே இருந்தது. கொண்டாங்க, நாங்க குளிப்பாட்டுறோம்னு வாங்கிட்டுப் போனாங்க."

மறுமுனையில் பெண்கள் மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அப்புறம் அழவே இல்லப்பா."